எருமை டீமின் ஜெர்கின்

அந்த ஜெர்கினைப் பிரிப்பதும் தைப்பதுமே என் வேலையாகிவிட்டது. ஒரு கோச் வந்தால் ஒரு தடவை, அவர் போனால் ஒரு தடவை. பாம்பே பஃபலோஸ் டீமுக்கு யார் யார் தலைமைக் கோச்சாக இருந்தார்கள், ஒவ்வொருவரும் ஏன் போனார்கள் என்று கேட்டால் அதன் முதலாளியே தலையைச் சொறிவார். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஜெர்கினின் முதுகை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும். பிரித்த பெயர்களின் ஊசி ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

என் பெயர் இசக்கிசெல்வி. தாராவியில் மூன்று தையல் மிஷின் போட்ட ஒரு சின்னப் பட்டறை எங்களுடையது. கீழே பட்டறை, மேலே ஏணி வைத்து ஏறினால் வீடு. என் வீட்டுக்காரர் நாகராஜ் முன்பு தோல் வெட்டும் வேலை பார்த்தவர். பஃபலோஸ் ஆரம்பித்த வருஷம் அதில் ஆடப் போனார், முட்டி போயிற்று, உதவிக் கோச்சாக அங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் ஆடுவது அமெரிக்கன் ஃபுட்பால். பெயரில்தான் ஃபுட்பால், காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓட வேண்டும், எதிர் டீம் மொத்தமும் வந்து அவன்மேல் விழும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிறார்கள், பெயரும் பஃபலோஸ். ஆகவே எங்கள் சந்தில் எல்லோருக்கும் அது எருமை டீம்.

டீமின் முதலாளி உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் வியாபாரம் செய்கிற ஹரேஷ் சேட். பையன்களின் பனியன், பேன்ட் எல்லாம் கிழிந்தால் என்னிடம்தான் வரும். ஜெர்கின் வந்த கதை வேறு.

முதல் கோச் ராண்டி. அசல் அமெரிக்காக்காரர். எங்கள் வாசலில் பாதியாக மடிந்துதான் உள்ளே வருவார். அந்தக் கறுப்பு ஜெர்கின் அவர் கொண்டுவந்தது. முதுகில் ‘ஹெட் கோச்’ என்று பெரிய வெள்ளை எழுத்து, அதன் கீழே அவர் பெயர். அந்த வருஷமே டீம் கப் ஜெயித்தது. அடுத்து மழை வந்தது. வேலையைக் காட்டியது வடாபாவா மழையா, தெரியாது, மனிதர் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். ஜெர்கினை மட்டும் விட்டுவிட்டுப் போனார். டீமின் ராசி அதில்தான் இருக்கிறது என்று சேட் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து யார் தலைமைக் கோச்சாக வந்தாலும் மேட்ச் அன்று அதைத்தான் போட வேண்டும், மே மாத வெயிலாக இருந்தாலும் சரி. போகிறவர் அதைத் தன் கையாலேயே என் பட்டறையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நான் பழைய பெயரைப் பிரித்து, புது ஆளின் உடம்புக்குத் தகுந்தபடி பிடித்தோ விட்டோ, புதுப் பெயரைத் தைப்பேன்.

ராண்டிக்குப் பிறகு பூனாவிலிருந்து ஒரு மேஜர் சாப். மீசையைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குச் சின்னது. இரண்டு தோளிலும் நிறையப் பிடிக்க வேண்டியிருந்தது. பையன்களை ஓடவிட்டார், ஓடவிட்டார், ஆட்டம் சொல்லிக்கொடுக்க மறந்துபோனார். அடுத்தவர் ஹைதராபாத் சைஃப். தங்கமான மனிதர். ஒவ்வொரு பையனின் அம்மா பெயரும் அவருக்குத் தெரியும். அம்மா பெயர் தெரிந்து என்ன செய்ய? தொடர்ந்து தோற்றார்கள், சேட் போனிலேயே போகச் சொல்லிவிட்டார். ஜெர்கினை என் கையில் கொடுத்தபோது சைஃப் கண்கலங்கினார். எனக்கும் தாங்கவில்லை.

ஒரு கோச் போய் அடுத்தவர் வரும்வரை என் வீட்டுக்காரர்தான் டீமைப் பார்த்துக்கொள்வார். தற்காலிகக் கோச். தற்காலிகத்துக்கு ஜெர்கின் உண்டு, பெயர் கிடையாது. அதுவும் சேட் போட்ட சட்டம்தான். மேஜர் போனபோதும் சைஃப் போனபோதும் ‘ஹெட் கோச்’ என்ற எழுத்துக்குக் கீழே வெறும் கறுப்புத் துணியோடு மைதானத்தில் நின்றார். போட்டோ எடுக்க வருகிறவன் முதுகைப் பார்த்துவிட்டு, “தலைமைக் கோச் எங்கே?” என்று இவரிடமே கேட்பான். இவர் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஜெர்கினை மாட்டும்போது கை தன்னால் பின்பக்கம் போய் அந்தக் காலி இடத்தைத் தடவும். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

நான்காவதாக வந்தவர் வெங்கி.

மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு ஐயர் குடும்பம். அமெரிக்காவில் படித்து அங்கே ஒரு காலேஜ் டீமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். தமிழ் பேசுகிற கோச் என்று முதலில் குதித்தோம். அந்தக் குதிப்பு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. எங்கள் பக்கம் வந்தால் டீ வேண்டாம் என்பார். எந்நேரமும் கையில் ஒரு ஃபிளாஸ்க். பையன்களின் தோளில் கை போட மாட்டார், தள்ளி நின்று பேசுவார். இது போதாதா? மாட்டுங்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதைதான். அந்தப் பக்கத்து வீடுகளில் வேலை பார்க்கிற எங்கள் பெண்கள் சொல்லாத கதையா? வெங்கியையும் அந்தக் கதைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம்.

இனி வெயிலுமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி. அப்பாவும் அம்மாவும் ஊரிலேயே இருந்துகொள்ள, சின்ன வயதில் என்னிடம் வந்தவன். எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் என்பதால் ஊசியில் நூல் கோப்பது எப்போதும் அவன் வேலை. போனைப் பார்த்துக்கொண்டே கோப்பான், சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கோப்பான். “அக்கா, இருட்டுல குடு, கோத்துக் காட்டுதேன்” என்று பீற்றிக்கொள்வான். காட்டியும் இருக்கிறான். பஃபலோஸில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான். அவன் ஓடினால் டீம் ஜெயிக்கும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

டில்லிக்காரர்களோடு ஆடிய மேட்சில் முத்துவின் தலையில் பலமாக ஒரு இடி விழுந்தது. எழுந்து ஆடினான், ஜெயித்தார்கள். அடுத்த மேட்சில் வெங்கி அவனை வெளியே உட்கார வைத்தார். தோற்றார்கள். அதற்கடுத்ததிலும் உட்கார வைத்தார். அதுவும் போயிற்று.

“ஏம்லே ஒன்ன எறக்க மாட்டேங்காரு?” என்று முத்துவிடம் கேட்டேன்.

“தெரியலக்கா. அந்தாளுக்கு நம்மளக் கண்டா ஆகாது போல” என்றான்.

என் வீட்டுக்காரர் கொதித்துப்போனார். “தலையில அடியாம்! ராண்டி காலத்துல நாங்க அடிபடாத நாளா? மூஞ்சில தண்ணிய அடிச்சிட்டு எந்திரிச்சு ஓடுவோம். இது அது இல்ல செல்வி. தாராவிப் பய பேரு வாங்கிரக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.”

நான் நம்பினேன். சந்து முழுக்க நம்பியது. எங்கள் பையன்கள் பிராக்டிஸுக்குப் போக மாட்டோம் என்று நின்றார்கள். முன்னால் சேர்த்த புள்ளிகளால் டீமுக்கு ஃபைனலில் இடம் இருந்தது. ஃபைனல் நேரத்தில் பாதி டீம் வீட்டில் இருந்தால் எந்த முதலாளிக்குத் தூக்கம் வரும்? சேட் வெங்கியை அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஃபைனலை ஜெயித்தால் இனி தற்காலிகம் இல்லை, முதுகில் உன் பெயர்தான் என்று சொன்னாராம். அன்றைக்கு இவர் சிரித்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் வெங்கி ஜெர்கினோடு வந்தார். இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

“வாங்க கோச் சாப்” என்றேன். “டீ குடிப்பீங்களா, இல்ல எங்க கிளாஸ் ஆகாதா?”

குத்திக் காட்டத்தான் கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “குடுங்கோ. நேக்கு காபிதான் பழக்கம், டீ குடிச்சா நெஞ்சு கரிக்கும். இன்னிக்குக் குடிக்கறேன்.” முழுக் கிளாஸையும் குடித்தார்.

“முத்து எங்கே?”

“மேல தூங்குதான்.”

“இந்த நேரத்திலயா?” என்றவர் கிளாஸைக் கீழே வைத்தார். “நன்னா கேட்டுக்கோங்கோ. என் வேலை போனது போகட்டும். அந்த டில்லி மேட்ச்ல அடிபட்டு எழுந்தப்போ, எந்தப் பக்கம் ஓடணும்னு என்னைக் கேட்டான். அவன் தலை இன்னும் ஆறலை. ஆறாத தலைல மறுபடியும் பட்டா, இப்போ இருக்கற முத்து நமக்குத் திரும்பக் கிடைக்க மாட்டான். நாகராஜ்கிட்டச் சொன்னேன், காதுல வாங்கிக்கலை. நீங்க சொன்னா கேப்பார்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வேல போன ஆத்திரத்துல பிள்ளையப் பத்தி அச்சானியமாப் பேசாதீங்க. ஞாயித்துக்கிழம அவன் ஓடுவான். வீட்டுல இருந்து பாருங்க.”

அவர் எழுந்து போனார். நான் பிளேடை எடுத்து அவர் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்தேன். மனசு குளிர்ந்தது. பிரித்த நூலைக் கூட்டி வெளியே தள்ளிவிட்டு, என் வீட்டுக்காரர் தோளுக்குத் தகுந்தபடி பக்கத் தையலை விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெர்கினின் உள்துணியைக் கையால் தைக்க வேண்டியிருந்தது. முத்து பக்கத்தில்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “ஏலே, இதக் கோத்துக் குடு” என்று ஊசியையும் நூலையும் நீட்டினேன்.

வாங்கினான். நூலைக் கொண்டுபோனான். ஊசிக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், நூலை நுழைத்தான்.

விளையாடுகிறான் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். மறுபடி கோத்தான். மறுபடியும் அதே காலி இடம். “நூல் பிரிஞ்சிருக்குக்கா” என்று பல்லால் கடித்தான். பிறகும் போகவில்லை. நான் கோணி ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அதன் காதில் சணலே போகும். அதிலும் அவனால் கோக்க முடியவில்லை.

ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “ரெண்டு ரெண்டாத் தெரியுதுக்கா. தலவலி நிக்கவே மாட்டேங்கு. வெங்கி சாப்கிட்ட மட்டும் சொன்னேன். அதான் உக்கார வச்சிட்டாரு. நான் அவர்ட்ட சொல்லியிருக்கவே கூடாது.”

“எங்ககிட்ட ஏம்லே சொல்லல?”

“சொன்னா நீங்களும் விட மாட்டிய. ஃபைனலப் பாத்து டீமுக்கு ஆளெடுக்க வெளியூருல இருந்தெல்லாம் வாராவளாம். அன்னைக்கு உக்காந்தா என்னைய யாருக்குக்கா தெரியும்? அத்தான்ட்ட சொல்லிராத.”

நெஞ்சு கரிக்கும் என்று தெரிந்தும் என் டீயைக் குடித்துவிட்டு அந்த மனிதர் சொன்னதெல்லாம் நிஜம். அவர் ஃபிளாஸ்க்கைப் பார்த்த எங்களுக்கு அவர் வாயிலிருந்து வந்தது காதில் ஏறவில்லை. மாட்டுங்காக்காரர் எங்கள் பையனைப் பற்றிக் கவலைப்படுவார் என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா?

என் வீட்டுக்காரர் பிராக்டிஸ் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்” என்றேன்.

“போவோம். ஞாயித்துக்கிழம முடியட்டும்.”

“ஞாயித்துக்கிழம அவன எறக்கவே கூடாதுங்கேன். நான் சொல்லுதது வெளங்குதா இல்லையா?”

“எறக்கலன்னா?” என்று திரும்பினார். “வெங்கி உக்கார வச்சான்னுதானளா கொடி பிடிச்சோம்? அவனத் தொரத்திட்டு நானும் அதையே செஞ்சா இந்தச் சந்துல தல நிமிந்து நடக்க முடியுமா? காறித் துப்ப மாட்டாவளா?”

“துப்பினாத் தொடச்சுக்கிடலாம்.”

“நீ தொடச்சுக்கிடுவ” என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “எத்தன பேருக்குப் பொறத்தால நின்னிருக்கேன் செல்வி. எல்லாரு பேரையும் நீயே தச்ச. என் பேரு ஒரு தடவ வரட்டுமே. அவன முதல்ல எறக்க மாட்டேன். ரொம்ப முடியலன்னா மட்டும் ரெண்டு ஓட்டம். அவனும் எனக்குப் பிள்ள மாதிரிதான?”

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். முத்துவுக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர், அவன் காய்ச்சலில் கிடந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தவர். அந்த மனிதர்தான் பேசுகிறார் என்று நினைத்து நான் அடங்கிவிட்டேன். பேசியது ஜெர்கின்.

செம்பூரில் ஒரு மைதானத்தில் ஃபைனல். பெங்களூர்க்காரர்கள் எதிர் டீம். மேட்ச் அன்று பெஞ்சுக்குப் பின்னால் ஊசி நூலோடு உட்காருவது என் வழக்கம், ஆட்டத்தில் பனியன் கிழிந்தால் அங்கேயே தைத்துக் கொடுக்க வேண்டும். தாராவியிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். இவர் பெயரில்லாத முதுகோடு கோட்டுக்கு வெளியே நின்றார். வாக்குக் கொடுத்தபடி முத்துவை இறக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

பாதி ஆட்டம் முடிந்தபோது பஃபலோஸ் பின்தங்கியிருந்தது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. “முத்துவ எறக்கு! ஏ நாகராஜ், நீயும் மாட்டுங்காக்காரன் ஆயிட்டியால?” மேடையிலிருந்து சேட் எழுந்து நின்று இவரையே பார்த்தார். இவர் கை பின்னால் போய் அந்தக் காலி இடத்தைத் தடவியது. பிறகு முத்துவின் தோளில் தட்டினார்.

முத்து ஓடினான். அதை எப்படிச் சொல்ல? நூல் கோக்க முடியாதவன், பந்து கைக்கு வந்ததும் பழைய முத்துவாகிவிட்டான். மூன்று பேரைத் தாண்டினான். நான்காவது ஆள் பக்கவாட்டில் வந்து முட்டியதில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதிய சத்தம் பெஞ்சு வரை கேட்டது. எழுந்தான். நடந்தான். நேரே போய் பெங்களூர்க்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தான். கூட்டம் அதை நக்கல் என்று நினைத்து விசிலடித்தது.

பையன்கள் போய் அவனைக் கூட்டிவந்தார்கள். தண்ணீர் குடிக்க ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். நான் அதைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். அவன் தலைக்குச் சரியாக வருவது அது ஒன்றுதான்.

“ஹெல்மெட்டக் குடு செல்வி” என்று இவர் வந்தார்.

“தர மாட்டேன். அங்க டாக்டர் நிக்காரு. முதல்ல அவர்ட்ட காட்டுங்க.”

“காட்டினா அவரு இன்னைக்கு விட மாட்டாரு. நேரம் போகுது. குடு.”

பையன்கள் சுற்றி நின்றார்கள். நான் என் சேலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நூலோடு சேர்த்து முத்துவின் கையில் வைத்தேன். “இவன் இதக் கோக்கட்டும். கோத்தான்னா ஹெல்மெட்டத் தாரேன். எத்தன ஆயிரம் தடவ கோத்தவன். ஒரு தடவ கோக்கட்டும்.”

முத்து ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நூல் காற்றில் போய்க் காற்றில் வந்தது. சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். இவர் பார்த்துக்கொண்டே நின்றார். முழுக்கப் பார்த்தார். பார்க்கவில்லை என்று ஒரு நாளும் அவர் சொல்ல முடியாது.

“குடுலே இங்க” என்று ஊசியையும் நூலையும் அவன் கையிலிருந்து வாங்கினார்.

தோல் வெட்டி வெட்டித் தடித்துப்போன விரல் அவருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பொத்தான் தைக்க ஊசி எடுத்ததில்லை. நூல் நுனியை உதட்டில் நனைத்தார். ஒரே தடவை. கோத்துவிட்டார். உயரத் தூக்கிப் பையன்களுக்குக் காட்டினார். “கோத்தாச்சுல்லா? எருமைக்கெல்லாம் இப்ப ஊசி நூல் வேணுமாக்கும்! ஹெல்மெட்டக் குடு.”

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களுக்கு அது போதும். முத்துவும் சிரித்தான். குனிந்து என் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பிடித்து, “அக்கா, இந்த ஒரு தடவதான்க்கா” என்றான். அவன் அப்படிக் கேட்டால் எனக்கு எப்போதும் கை தளர்ந்துவிடும். அன்றைக்கும் தளர்ந்தது.

கடைசியில் அவன்தான் பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனான். தாண்டிய பிறகு இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள். இவன் எழவில்லை. தாராவி முழுக்க மைதானத்துக்குள் குதித்து ஆடிக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதை மேளச் சத்தம் தின்றுவிட்டது.

மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் இருந்தவரை வெங்கி தினமும் சாயந்தரம் வந்து வராந்தாவில் உட்காருவார். ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து முதலில் எனக்கு ஊற்றிக் கொடுப்பார். ‘நான் அன்னிக்கே சொன்னேனே’ என்று ஒரு நாளாவது சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் சொல்லவே இல்லை.

இப்போது முத்து வீட்டுக்கு வந்துவிட்டான். வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை, அதனால் பட்டறை வாசலில் கெட்டித் துணி தொங்கவிட்டிருக்கிறேன். அதன் இருட்டில் பொத்தான்களைப் பெரிது, சிறிது என்று பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பிட்டதை மறந்துவிடுவான். ஊர்ப் பெயர், அம்மா முகம் எல்லாம் இருக்கிறது. அந்த மேட்ச் மட்டும் அவனிடம் இல்லை.

நேற்று என் வீட்டுக்காரர் ஜெர்கினோடு வந்தார். ஆஸ்பத்திரி நாட்களில் அதை எங்கே வைத்திருந்தாரோ, நான் கேட்கவில்லை. நாங்கள் இப்போது அதிகம் பேசிக்கொள்வதும் இல்லை. உருக்குலைந்துதான் போயிருந்தார். ஆனாலும் ஜெர்கினைச் சுருங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

“சேட் கூப்பிட்டாரு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “நாளைக்குப் போட்டோ எடுக்காவளாம். இனி தற்காலிகம் இல்ல. பேரப் போடணுமாம்.”

மூலையிலிருந்து முத்து தலையைத் தூக்கினான். “அத்தான், ஃபைனல் என்னாச்சு? நாம ஜெயிச்சோமா?”

தினமும் கேட்கிறான். காலையில் கேட்டுவிட்டு மத்தியானம் மறுபடி கேட்கிறான்.

“ஜெயிச்சோம்லே” என்றார் இவர்.

“நான் ஓடினேனா?”

“ஓடின மாப்ள. நீதான் ஓடின.”

முத்து சந்தோஷமாகப் பொத்தானுக்குத் திரும்பினான். நான் ஜெர்கினை வாங்கி மிஷின்மேல் விரித்தேன். ராண்டி, மேஜர், சைஃப், வெங்கி, எல்லோருடைய ஓட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்தக் காலி இடத்தில் இருந்தன. வெள்ளை நூல்கண்டிலிருந்து ஒரு முழம் வெட்டினேன். ஊசியை எடுத்தேன். இரண்டையும் இவர் கையில் வைத்தேன்.

“கோத்துக் குடுங்க” என்றேன். “ஒங்களுக்குத்தான் நல்லாக் கோக்க வருமே.”

அவர் நூல் நுனியை உதட்டுக்குக் கொண்டுபோனார். நூல் ஊசிக்கு அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் போயிற்று, காதுக்குள் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடி முயன்றார்.

முத்துதான் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தான். “என்னத்தான் நீங்க, இதுகூடத் தெரியாம” என்று கையை நீட்டினான். “இங்க குடுங்க, நான் கோத்துத் தாரேன்.”

அவர் ஊசியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கொடுக்கவே இல்லை. முத்து கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.